கணினியின்மேல் காப்பி சிந்தினால்

காலைக் காப்பி இல்லாமல் பொழுது விடியாத குடும்பங்கள் நம்முடையவை. ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆன பின்பும், மாதுங்காக் கடைத்தெருவில் அரைத்து வாங்கும் காப்பித்தூளின் மணத்தை நாம் கைவிட்டோமில்லை. மடிக்கணினி இல்லாமல் ஒரு வேலையும் நடவாத காலமும் இப்போது வந்துவிட்டது. 2020-இல் பெருந்தொற்று நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது, அலுவலகமும் பள்ளிக்கூடமும் ஒருசேர உள்ளே புகுந்து சாப்பாட்டு மேசையின்மேல் அமர்ந்தன. தொற்று ஒழிந்த பின்னும் அவை முழுவதும் வெளியேறவில்லை. மும்பை நகரத்துச் சிறு வீடுகளில் மேசை ஒன்றுதான். ஆகவே காப்பி டம்ளரும் கணினியும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வாழ வேண்டியதாயிற்று. இவ்விரண்டுக்கும் என்றாவது ஒரு நாள் மோதல் நேருமென்பதை நாம் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும்.

நம் பாட்டனார்களில் பலர் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, அந்தச் சான்றிதழ்களை நம்பியே ரயிலேறி இந்நகருக்கு வந்தவர்கள். கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் நம் நாட்டிலேயே தட்டச்சுப் பொறியைச் செய்து வெளியிடும் முன்பிருந்தே அவர்கள் விரல்கள் விசைகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பொறியின்மேலும் காப்பி சிந்தியதுண்டு. துணியால் துடைத்து, நாடாவை மாற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அது மீண்டும் ஓடும். ஏனெனில் அது கையின் வலிமையால் இயங்கியது. அதனுள் மின்சாரம் இல்லை. இன்றைய கணினியின் கதை வேறு. அந்த வேற்றுமையை நாம் அறிந்துகொண்டது, விலை கொடுத்துத்தான்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், மழை விடாது பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நாம் பாதி குடித்த காப்பி டம்ளரை மேசையின்மேல் வைத்துவிட்டு, யாரோ அழைத்தார்களென்று வாசலுக்குச் சென்றோம். பதின்மூன்று வயதான எம் மகள் கணினியில் பள்ளிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்தது. துண்டை எடுத்து மேலாகத் துடைத்தாள். கணினியின் மூடியைச் சாத்தினாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்கு நாம் அதைத் திறந்தோம். திரை ஒளிர்ந்தது. சில எழுத்துகள் விழவில்லை. ஓர் எழுத்து மட்டும் தொடாமலே வரிசை வரிசையாக விழுந்தது. சிறிது நேரத்தில் திரை இருண்டது. நாமோ அறியாமையால் சார்ஜரைச் செருகிப் பொத்தானை ஐந்தாறு முறை அழுத்தினோம். மெல்லிய கருகல் நாற்றமும், அதனோடு புளித்த பால் வாடையும் வந்தன. அப்பொழுதுதான் விஷயம் வெளிப்பட்டது.

"காலையிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீங்க ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்ப்பா" என்றாள் அழுதபடி.

அந்த விடை நம்மைத் தலைகுனிய வைத்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கண்ணாடிக் கூஜா உடைந்ததற்காக அரைமணி நேரம் நாம் போட்ட கூச்சல் நமக்கே நினைவுக்கு வந்தது.

கணினி போனது பெரிதன்று. அதனுள்ளே எம் அன்னையாரின் குரல் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்த நாட்களில், மூன்று மாலைப் பொழுதுகள் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்தோம். எந்தப் பாட்டனார் முதன்முதலில் பம்பாய்க்கு வந்தார், எந்த அத்தையை எந்த ஊரில் கொடுத்தார்கள், எந்த வயல் யார் பங்குக்கு வந்தது என்பனவெல்லாம் அந்தப் பதிவில் இருந்தன. அடுத்த தை மாதத்தில் அவர் காலமானார். அதற்கு வேறொரு பிரதி எடுத்து வைக்க வேண்டுமென்று இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கொண்டேயிருந்தோம். எண்ணியது எண்ணமாகவே நின்றது.

நீர் செய்வதும் மின்சாரம் செய்வதும்

மறுநாள் மின்சார ரயிலேறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, லாமிங்டன் சாலையில் ஒரு சிறு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நம் கண்ணெதிரிலேயே கணினியின் அடிப்புறத்தைக் கழற்றிக் காட்டினார். பச்சையும் வெண்மையுமாகப் பூத்த ஒரு படலம் சுற்றுப் பலகையின்மேல் படிந்திருந்தது. ஓரிடம் கருகியிருந்தது. "சிந்தியது எப்போது, இயக்கியது எப்போது?" என்று கேட்டார். சொன்னோம். தலையை அசைத்தார். சிந்திய உடனே நிறுத்தியிருந்தால் பிழைக்க நிரம்ப வாய்ப்பு இருந்திருக்குமென்றார்.

இதன் காரணத்தை அன்பர்கள் அறிவது நலம். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய்நீரில் உப்புகள் கரைந்துள்ளன. காப்பி, தேநீர், நீர்மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் இன்னும் அதிகம். அவை மின்சாரத்துக்கு வழி விடும். கணினியின் சுற்றுப் பலகையில் செம்புத் தடங்கள் மயிரிழை போல நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே இத்தகைய நீர் புகுந்தால், போகக்கூடாத வழியில் மின்சாரம் பாய்ந்து ஒரு நொடியில் ஓர் உறுப்பைக் கருக்கிவிடக் கூடும்.

இஃது ஒரு கேடு. மற்றொரு கேடு சத்தமின்றி நடப்பது. நகைக்கு முலாம் பூசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முனையிலுள்ள உலோகம் கரைந்து மறுமுனையில் சென்று படிகிறது. அதே வேலைதான் ஈரமான கணினிக்குள்ளும் நடக்கிறது. ஒரு தடத்தின் செம்பு கரைகிறது. அடுத்த தடத்தை நோக்கி வேர்விட்டுப் படர்கிறது. தடம் அறுந்தாலும் கேடு, இரண்டு தடங்கள் ஒட்டினாலும் கேடு. மின்சாரம் நின்றால் இந்த அரிப்பு வெகுவாகக் குறையும். ஓடிக்கொண்டிருந்தால் விரைந்து பெருகும்.

இங்கேதான் எம் மகள் அறியாமல் செய்த பிழை இருக்கிறது. மூடியைச் சாத்தினால் கணினி நின்றுவிட்டது என்று அவள் எண்ணினாள். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பெரும்பாலான கணினிகள் மூடியைச் சாத்தினால் உறங்கும், அணைவதில்லை. மின்கலத்திலிருந்து மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். காலை முதல் இரவு வரை அந்த முலாம் வேலை தடையின்றி நடந்திருக்கிறது.

முதல் நிமிடம்

ஆகவே, சிந்திய நொடியில் துணியைத் தேட வேண்டாம். முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குக. சிந்தியது பிளக்குவரை ஓடியிருந்தால் அதைத் தொடாமல், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. அடுத்து, கணினியின் இயக்கப் பொத்தானைத் திரை இருளும்வரை, ஏறத்தாழப் பத்து நொடி, விடாமல் அழுத்துக. எழுதிக்கொண்டிருந்த பக்கம் சேமிக்கப்படவில்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு பக்கத்தை மறுபடி எழுதலாம்.

பிறகு, செருகியிருக்கும் பென் டிரைவ், மவுஸ் முதலியவற்றை நீக்குக. பழைய கணினிகளில் மின்கலத்தைக் கழற்ற முடியும், முடிந்தால் கழற்றிவிடுக. மேலே நிற்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்த்தால் விசைகளின் இடுக்கில் இறங்கும். அதன்பின் மூடியை விரித்தபடியே கணினியைத் தலைகீழாக்கி, கூரை வீட்டின் முகடு போல ஒரு துண்டின்மேல் கவிழ்த்து நிறுத்துக. உள்ளே இறங்கிய நீர் வந்த வழியே வடியட்டும். உதறவோ குலுக்கவோ கூடாது. ஒரு மூலையிலுள்ள நீர் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும்.

மின்கலம் சுட்டாலோ, புடைத்துக் காணப்பட்டாலோ, உறுத்தும் நெடி வந்தாலோ கணினியைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டு, மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத வெறும் தரையில் அதை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இவ்வகை மின்கலம் தீப்பற்றக் கூடியது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கலாகாது.

இவ்வளவும் செய்த பிறகு மிகக் கடினமான வேலை ஒன்று மிஞ்சுகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அது. "ஓடுகிறதா என்று ஒரு தரம் பார்ப்போமே" என்ற ஆசை எழும். அந்த ஆசையே பல கணினிகளின் முடிவு. ஈரம் உள்ளே இருக்கும்போது இயக்கிப் பார்ப்பது சோதனையன்று. மீண்டும் மின்சாரத்தைப் பாய்ச்சுவதே ஆகும்.

அரிசி மூட்டையும் அனல் காற்றும்

நனைந்த பொருளை அரிசியில் புதைத்தால் ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்று நம் வீடுகளில் நம்புகிறோம். எங்கள் இல்லத்திலும் அன்றிரவே அரிசி டின் திறக்கப்பட்டது. அதனால் பயனில்லை. மூடிய பெட்டிக்குள் பலகையின் அடியில் தேங்கிய காப்பியை, வெளியே கிடக்கும் அரிசி எட்டிப் பிடிப்பதில்லை. அரிசித் தவிடும் நொய்யும் துளைகளில் புகுவதே மிச்சம். நனைந்த கைப்பேசியை அரிசியில் வைக்க வேண்டாமென்றும், அரிசித் துகள்கள் கேடு விளைக்கலாமென்றும் ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் அறிவுரைக் குறிப்பில் வெளியிட்டது.

கூந்தல் உலர்த்தும் அனல் காற்றும் ஆகாது. அது விசைகளை வளைக்கும். நீரை உள்ளே தள்ளும். கடும் வெயிலில் காய வைத்தால் மின்கலமும் திரையும் கெடும். மின்விசிறியின் காற்றே போதும்.

நீர் காய்ந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணலாகாது. வெறும் நீர் சிறிதளவு சிந்தியிருந்தால் இரண்டு மூன்று நாட்கள் உலர விட்டுப் பிழைக்கலாம். காப்பி காய்ந்தால் நீர் மட்டுமே போகிறது. பாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளேயே தங்குகின்றன. சர்க்கரை பிசுக்காகி விசைகளை ஒட்டும். குளிர்பானங்கள் இன்னும் மோசம். கோலா வகையில் 100 மில்லிக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு, அமிலமும் உண்டு. மும்பையின் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். படிந்த உப்பும் சர்க்கரையும் அந்த ஈரத்தை மீண்டும் இழுக்கும். அரிப்பு மறுபடி தொடங்கும். "ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு திடீரென்று நின்றது" என்று பலர் சொல்வதன் உட்பொருள் இதுவே.

பழுது பார்ப்பவரிடம்

ஆகையால் காப்பி, தேநீர், மோர், குளிர்பானம் எது சிந்தினாலும், கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும், கூடியவரை அன்றைக்கே அதைத் திறந்து துடைப்பிக்க வேண்டும். தில்லியிலிருப்போர்க்கு நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, ஊருக்குப் போகும் வழியில் சென்னையில் ரிச்சி தெரு என்று ஒவ்வொரு நகரத்திலும் இத்தொழிலுக்கென ஒரு வீதி உண்டு. என்ன சிந்தியது, எவ்வளவு, எப்போது, அதன்பின் எத்தனை முறை இயக்கினோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நோயை மறைப்பது போன்றதே இவரிடம் மறைப்பது. திறந்து பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும். சில கணினிகளில் நீர் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுகளையும் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அவர் முதலில் மின்கலத்தின் இணைப்பை எடுப்பார். பிறகு பலகையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்னும் திரவத்தால் மெல்லிய தூரிகை கொண்டு கழுவுவார். அது நீரைத் தன்னோடு கலந்து விரைவில் ஆவியாகும். விசைப்பலகையைப் பெரும்பாலும் மாற்ற நேரும். விலையை எழுதி வாங்குக. பழைய உறுப்புகளைத் திரும்பக் கேட்டுப் பெறுக. வேண்டுவது கணினியா, அதிலுள்ள செய்திகளா என்பதையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லுக. இரண்டுக்கும் வேலை வேறு.

உறுதிச்சீட்டுக் காலம் முடியவில்லையே என்று பலர் ஆறுதல் கொள்வர். சாதாரண வாரண்டியில் நீர் சிந்திய பழுது பொதுவாக அடங்குவதில்லை. விபத்துக்கென்று தனியே பணம் கட்டிய காப்பு இருந்தால்தான் உண்டு. அலுவலகத்துக் கணினியாயின் தாமே கழற்ற வேண்டாம். அன்றைக்கே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கும் அஞ்சி மறைத்தவருக்கே துன்பம் அதிகம்.

நான்கு நாட்கள்

எங்கள் கணினியின் பலகை பிழைக்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். செய்திகளைத் தாங்கும் நினைவகம் மட்டும் தனி அட்டையாக இருந்தது, முயன்று பார்க்கலாமென்றார். சில புதிய கணினிகளில் அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் தனியே எடுப்பது அரிது. நான்கு நாட்கள் காத்திருந்தோம். அந்த நான்கு நாட்களும் இல்லத்தில் எவரும் உரக்கப் பேசவில்லை. எம் மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் நம் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஐந்தாம் நாள் அட்டையை வேறொரு பெட்டியில் பொருத்தி இயக்கியபோது, அன்னையாரின் குரல் கேட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த எம் மனையாள் ஈரக்கையோடு நின்றுவிட்டாள். எம் மகளோ ஆச்சியின் பேச்சை முழுதும் கேட்டு முடிக்கும்வரை அவ்விடம் விட்டு எழவில்லை. கணினி போயிற்று, குரல் தப்பியது. அது நம் முன்யோசனையால் நிகழ்ந்ததன்று; அட்டை தனியே இருந்த நற்பேற்றால் நிகழ்ந்தது.

நற்பேற்றை இரண்டாம் முறை நம்பலாகாது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் விதி. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இஃது எளிது. நம்மில் பலருக்கு இரண்டு இடங்களில் வேர் உண்டு. இப்போது ஒரு பிரதி கணினியிலும், ஒன்று அலமாரியிலுள்ள தனி வட்டிலும், மூன்றாவது ஊரில் எம் தமையனார் வீட்டிலும் இருக்கின்றன. நிலப் பத்திரங்களின் படங்களையும் அவ்வாறே செய்துவிட்டோம்.

மேசையிலும் சிறு மாறுதல்கள். காப்பி இனி மேசைக்குக் கீழான ஒரு முக்காலியில்தான் அமரும். சாய்ந்தால் தரையில் சாயட்டும். சில நூறு ரூபாய்க்குத் தனி விசைப்பலகை ஒன்று வாங்கி இணைத்தோம். சிந்தினால் அது போகட்டும்.

சென்ற மாதம் நாமே நீர்மோர் டம்ளரை ஏந்திக்கொண்டு கணினிமுன் அமர்ந்து, கைதவறி விசைப்பலகையின்மேல் கவிழ்த்தோம். விதி வகுத்தவரே விதி மீறினார். நாம் "ஐயோ" என்று எழுவதற்குள் எம் மகள் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டாள். பிறகு நிதானமாகத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, "பரவாயில்லப்பா, யாருக்கும் கைதவறும்லா" என்றாள்.

இதை வாசிக்கும் அன்பர்கள் இன்றிரவு உண்ணும்போது பிள்ளைகளிடம் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டுகிறோம். சிந்தினால் முதலில் மின்சாரத்தை நிறுத்து. அடுத்து, எங்களைக் கூப்பிடு, ஏச மாட்டோம். முதலாவதைப் பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்வர். இரண்டாவதை அவர்கள் நம்புமாறு நடந்துகொள்வது நம் பொறுப்பு.